காமெட், டியாகோ, பஞ்ச்: பெங்களூரில் மூன்று பச்சை நம்பர் பிளேட்

எலெக்ட்ரிக் கார் வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று வாரத்துக்கு ஒருவராவது போன் போடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், அங்கே 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா? பாதிப் பேர் இதற்கே கொஞ்சம் கோபப்படுகிறார்கள், அவர்களுக்கு ரேஞ்ச் (ஒரு தடவை நிறைத்தால் ஓடும் தூரம்) எவ்வளவு, டிஸ்பிளே எத்தனை இஞ்ச் என்றுதான் பேச வேண்டும். சரி, அதையும் பேசுவோம்.

என்னிடம் இருப்பது டாடா டியாகோ இவி, 24 யூனிட் பேட்டரி, பதினான்கு மாதமாக ஓட்டுகிறேன். அல்சூரில் இருக்கும் அக்கா வீட்டு அத்தான் எம்ஜி காமெட் வைத்திருக்கிறார். ஆபீஸ் நண்பரிடம் பஞ்ச் இவி, 35 யூனிட் பேட்டரி உள்ள பெரியது. மூன்று பேரும் வண்டியை மாற்றி மாற்றி எடுத்துப் போவதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் காமெட், ஏனென்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது அதைத்தான். நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு, சக்கரம் 12 இஞ்ச், கதவு இரண்டே இரண்டு, ஆனால் உள்ளே நாலு சீட். தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறது என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து “ரேவா திரும்ப வந்துடுச்சா சார்?” என்று கேட்டார். கேட்பார்தானே, 2001லேயே இரண்டு கதவு எலெக்ட்ரிக் கார் ஓட்டிப் பார்த்த ஊர் இது. ரேவா இங்கேதான் தயாரானது, லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது, 2010இல் மஹிந்திரா கைக்குப் போனது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களே இன்று காமெட்டை “க்யூட்” என்கிறார்கள்.

க்யூட்டோ இல்லையோ, அல்சூர் மார்க்கெட் சந்துகளில் அந்த வண்டிக்கு ஈடே கிடையாது. இரண்டு பைக் நிறுத்தும் இடத்தில் நுழைந்துவிடும். கோயிலில் தேர் வரும் நாளில்கூட அத்தான் அதை அப்படியே ஒடித்துத் திருப்பிக்கொண்டு வந்தார், நான் டியாகோவை அரை கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டு நடந்தேன். ஆனால் பின்சீட்டில் ஏற முன்சீட்டை மடக்க வேண்டும், முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அது முடியவே முடியாது. டிக்கி என்று ஒன்று பெயருக்குத்தான், பின்சீட்டை மடக்கினால்தான் பை வைக்க இடம். மோட்டார் 42 குதிரைசக்தி. ஊருக்குள் தாராளமாகப் போதும், ஓசூர் ரோட்டில் லாரி பக்கத்தில் வரும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. அதில் டிசி ஃபாஸ்ட் சார்ஜிங்கும், அதாவது வெளியே ரோட்டோரம் சீக்கிரமாக ஏற்றிக்கொள்ளும் வசதியும் கிடையாது. 3.3 கிலோவாட் சார்ஜரில் முழுசாக ஏற ஏழு மணி நேரம், 2024இல் வந்த 7.4 கிலோவாட் மாடலில் அதில் பாதி. ஆக, அது ஊருக்குள் மட்டும் ஓடுகிற வண்டி, வாங்குகிறவர் அதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

டியாகோவுக்கு ஸ்டைல் என்று சொல்ல அதிகம் இல்லை. பெட்ரோல் டியாகோவின் முகத்தை மூடி, அங்கங்கே நீலக் கோடு போட்டிருக்கிறார்கள், எலெக்ட்ரிக் காருக்கான பச்சை நம்பர் பிளேட் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது, என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

இப்போது ரேஞ்ச். காகிதத்தில் காமெட் 230 கி.மீ., என் டியாகோ 315, பஞ்ச் 421. இதெல்லாம் ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த கணக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள், மனசுக்கு நிம்மதி. எனக்கு ஊருக்குள் ஒரு யூனிட்டுக்கு எட்டு முதல் ஒன்பது கி.மீ. வருகிறது, அதாவது நிறைத்தால் ஏறக்குறைய 200. வேடிக்கை என்னவென்றால், சில்க் போர்டு சந்திப்பு நெரிசல் பெட்ரோல் காரைக் கொல்லும், இதை ஒன்றும் செய்யாது. நின்றால் மோட்டார் எதையும் குடிப்பதில்லை, ஏசிக்கு மட்டும் கொஞ்சம் போகும், வேகத்தைக் குறைக்கும்போது கொஞ்சம் திரும்பியும் வரும். பேட்டரியைக் குடிப்பது காலியான ரோட்டில் 100இல் போவதுதான்.

எங்கள் ஊர் தர்மபுரி, பொம்மனஹள்ளி வீட்டிலிருந்து சுமார் 125 கி.மீ. போகும்போது வேகம் 80ஐத் தாண்டாமல் போனால் பேட்டரி 100 சதவீதத்திலிருந்து 45 ஆகும். அதே ரோடு, அதே வேகம், திரும்பி வரும்போது 33தான் மிஞ்சுகிறது. முதல் தடவை பேட்டரியில் ஏதோ கோளாறு என்று பயந்தே போனேன். அப்புறம்தான் உறைத்தது, பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதி. சூளகிரி தாண்டி இறங்கும்போது வண்டி தானாக உருள்கிறது, வரும்போது அவ்வளவையும் ஏற வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் ஏறுகிற பக்கத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பஞ்ச் இதையெல்லாம் யோசிக்க வைக்காத வண்டி. பார்க்கவும் அதுதான் கம்பீரம், முன்னால் முழு நீளத்துக்கு ஒரு விளக்குப் பட்டை, சார்ஜ் போடும் மூடி முன்பக்கமே இருப்பதால் தூணைப் பார்த்து நேராக நிறுத்திவிடலாம். பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கிய வண்டி, 122 குதிரைசக்தி, மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டுகிறது. ஆனால் பின்சீட்டில் கால் நீட்ட இடம் இல்லை, அந்த விலைக்கு அது எனக்குப் பெரிய குறைதான். விலை 2024 ஜனவரியில் 10.99 லட்சத்தில் தொடங்கியது, பெரிய பேட்டரிக்கு அதற்கு மேல். அதே 2024 பிப்ரவரியில் டியாகோவை 7.99க்கும் காமெட்டை 6.99க்கும் இறக்கியிருந்தார்கள். எல்லாம் ஷோரூம் தொடக்க விலை, நல்ல மாடலுக்குப் போனால் இரண்டு மூன்று லட்சம் சேரும். மூன்றிலும் ஸ்டெப்னி கிடையாது, பங்சர் கிட்தான், அதைத் தெரிந்துகொள்ளாமல் ராத்திரிப் பயணம் கிளம்ப வேண்டாம்.

பஞ்ச்சை எடுத்துக்கொண்டு ஒருமுறை தர்மபுரி போனபோது, வழியில் ஒரு ஹோட்டல் வாசலில் இருந்த ஃபாஸ்ட் சார்ஜரை நம்பிப் போனோம். வண்டியில் மாட்டுகிற கன் இரண்டு இருந்தது, அதில் ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றுக்கு அந்த சார்ஜர் கம்பெனியின் மொபைல் ஆப்பை இறக்கி, வாலட்டில் 500 ரூபாய் போட்டு, நாலு நிமிடம் ஏறியதும் அதுவும் நின்றுவிட்டது. கஸ்டமர் கேரில் பேசியவர் “ரீஸ்டார்ட் பண்றோம் சார்” என்று முக்கால் மணி நேரம் சொன்னார். வாலட்டில் மீதிப் பணம் இன்னும் அப்படியே இருக்கிறது. பத்திலிருந்து எண்பது சதவீதம் 56 நிமிடத்தில் என்று விளம்பரம் சொல்வது உண்மைதான், கன் வேலை செய்தால்.

அதனால்தான் வீட்டு பிளக்கைப் பற்றி இவ்வளவு கத்துகிறேன். எங்கள் அபார்ட்மெண்டில் அசோசியேஷன் இரண்டு மாதம் இழுத்தடித்தது, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பதுதான் அவர்கள் கேள்வி. வாடகை வீடு வேறு. ஓனர் தமிழர், “நீங்க காலி பண்ணும்போது ஒயரை விட்டுட்டுப் போங்க தம்பி” என்ற ஒரே நிபந்தனையில் ஒத்துக்கொண்டார். மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை ஒயர், எம்சிபி (ட்ரிப் ஆகிற சுவிட்ச்), பெட்டி எல்லாம் சேர்த்து எனக்கு 14,000 ரூபாய் ஆனது. எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அடம்பிடிக்கும், அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மாட்டினால் விடிவதற்குள் நிறைந்துவிடும். வீட்டு மின்சாரத்தில் கிலோமீட்டருக்கு 80 பைசா போல வருகிறது, வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் அதைப் போல மூன்று மடங்கு, நாலு மடங்கு.

நானே மறுபடி வாங்கினாலும் டியாகோதான், 7.2 கிலோவாட் வீட்டுச் சார்ஜர் வருகிற மாடலாகப் பார்த்து. வீட்டில் இன்னொரு கார் ஏற்கெனவே இருந்தால் காமெட். மாதம் இரண்டு தடவை மதுரை, கோவை என்று போகிறவர்கள் பஞ்ச்சுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

தர்மபுரியில் தண்ணி மோட்டார் போடுகிற 15 ஆம்பியர் பாயிண்டில்தான் வண்டிக்கு சார்ஜ் போடுகிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ட்ரிப் ஆகிவிடுகிறது. போன தடவை காலை ஆறு மணிக்கு அம்மா எழுப்பி, “டேய், உன் வண்டி குடிச்சது போதும், டேங்குல தண்ணி இல்ல, கழட்டு” என்றாள். 91 சதவீதத்தோடு கிளம்பினேன்.