மதகு யார் கையில்? எங்கள் வாய்க்கால் குழுவுக்கு நான்கு செயலிகள்

கார்த்திகை அடைமழையில் கோவிந்து அண்ணன் குடையோடு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். யாரோ ஒருவன் அவருக்குப் போன் போட்டு, சர்வே நம்பரில் தொடங்கி எத்தனை சென்ட், எந்த பேங்க், தகப்பனார் பெயர் வரை ஒப்பித்துவிட்டு, "லோன் ரெடியா இருக்கு" என்றானாம். "வாட்ஸ்அப்காரன் வித்துட்டான் தம்பி. குரூப்பை வேற எதுக்காச்சும் மாத்து" என்றார்.

குரூப்புக்கு நான்தான் அட்மின். தேர்தல் எல்லாம் நடக்கவில்லை. எங்கள் தெருவில் முதலில் ஸ்மார்ட்போன் வாங்கியவன் என்று தலையில் கட்டிவிட்டார்கள். நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாற்றில், முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடை எங்களுடையது. முறைத் தண்ணீர் எப்போது, டிபிசியில் (அரசு நெல் கொள்முதல் நிலையத்தில்) சாக்கு இருக்கிறதா, ஈரப்பதம் 17-க்கு மேல் என்று யார் நெல்லைத் திருப்பி அனுப்பினார்கள், அறுப்பு மிஷின் எந்தக் கொல்லையில் நிற்கிறது என்பதெல்லாம் அந்த 180 பேர் குரூப்பில்தான் ஓடும்.

அண்ணன் போனபின் என் கேலரியைத் திறந்து பார்த்தேன். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு பதிந்த வாரம் அது. சிட்டா, அடங்கல், பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் முன்னும் பின்னும் என்று வரிசையாக வந்து இறங்கியிருந்தன. ஒரு ஆதார் பாயில் வைத்து எடுத்தது, ஓரத்தில் பேரப்பிள்ளையின் கால் தெரிகிறது. எண்ணிப் பார்த்தேன், 61 பேருடைய ஆதார் என் போனில் கிடந்தது. அதாவது 180 போனிலும் கிடக்கிறது. அந்த 180-ல் மூன்று எண்கள் யாருடையவை என்று எனக்கே தெரியவில்லை. குரூப் லிங்க்கைப் போன குறுவையில் ஊரெல்லாம் அனுப்பியவன் நான்தான். வாட்ஸ்அப் விற்கவே வேண்டாம், நாமே பந்தி விரித்து வைத்திருந்தோம். இருந்தாலும் டீக்கடையில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது: மாறினால் எதற்கு மாறுவது? வாட்ஸ்அப்பிலேயே கிடப்பதா, டெலிகிராமா, சிக்னலா, சென்னை சோகோ கம்பெனியின் 'அரட்டை' செயலியா?

நான் இரண்டு கேள்விகளைத்தான் கேட்டுப் பார்த்தேன். நாம் காசு கொடுக்கவில்லை என்றால் இந்த அடுப்பில் யார் வீட்டு அரிசி கொதிக்கிறது? ஏதாவது கெட்டுப்போனால் யார் வாசலில் போய் நிற்பது? கடைமடைக்காரனுக்கு இரண்டாவது கேள்வி பழக்கமானது. மேட்டூர் திறந்தாயிற்று என்று பேப்பரில் வந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வருவது ஷட்டரைத் தூக்குகிறவர் கையில்தான் இருக்கிறது.

டெலிகிராமைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். ரகசியத்துக்குப் பேர்போனது என்று பையன்கள் சொல்கிறார்கள். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாத முழுப் பூட்டு அதில் சாதாரண உரையாடலுக்குக் கிடையாது, 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு, குரூப்புக்கு அதுவும் இல்லை. நாம் எழுதுவது அவர்கள் சர்வரில் அவர்களால் பிரிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனர் பாவெல் துரோவை பிரான்சில் கைது செய்தார்கள். அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் பயனரின் போன் எண்ணையும் ஐபி முகவரியையும் கொடுப்போம் என்று விதியை மாற்றிக்கொண்டார்கள். சினிமா இறக்கப் பையன்களுக்கு உதவலாம். எங்கள் வாய்க்காலுக்கு ஆகாது.

வாட்ஸ்அப் விஷயம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. செய்தியின் உள்ளடக்கம் 2016 ஏப்ரலிலிருந்து முழுக்கப் பூட்டப்பட்டிருக்கிறது. கோவிந்து அண்ணனின் ஆதாரை, வாட்ஸ்அப்பை வைத்திருக்கும் மெட்டா (பழைய பேஸ்புக்) நிறுவனத்தார் குரூப்பிலிருந்து எடுத்துப் பார்க்க முடியாது. அவர்களுக்குத் தெரிவது வேறு. மதகைத் திறந்து மூடும் எங்கள் ஊர் லஸ்கர் யார் வயலிலும் இறங்கிப் பார்ப்பதில்லை. எந்த மதகு எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதை வைத்தே யார் குறுவை நட்டிருக்கிறார்கள், யார் தரிசு போட்டிருக்கிறார்கள் என்று வீட்டிலிருந்தபடி சொல்லிவிடுவார். யார் யாரோடு எந்த நேரத்தில் எவ்வளவு பேசுகிறார்கள், எந்தக் கடையோடு பேசுகிறார்கள் என்ற கணக்கு அந்த மாதிரி. அதற்குத்தான் விலை.

அந்தக் கணக்கை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வாட்ஸ்அப்பின் ஜாதகம் சரியில்லை. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 1 டாலர் கேட்டுக்கொண்டிருந்த செயலி அது, 2016 ஜனவரியில் அதையும் வேண்டாம் என்றார்கள். 2014-ல் பேஸ்புக் அதை வாங்கியபோது, இரண்டு பக்கத்துக் கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்க்க நம்பகமான வழி இல்லை என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது. 2016-ல் பொருத்துவதற்கு வழிசெய்தது. தவறான தகவல் தந்ததற்காக 2017-ல் 110 மில்லியன் யூரோ அபராதம் கட்ட வேண்டி வந்தது. 2016-ல் பழைய பயனர்களுக்கு 'என் தகவலைப் பகிராதே' என்று சொல்ல 30 நாள் அவகாசமாவது இருந்தது. 2021 ஜனவரியில் வந்த அறிவிப்பில் அதுவும் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது, விளம்பரத்துக்காகத் தகவல் பகிர ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் அபராதம் நின்றது, தடை போய்விட்டது. வட்டியைத் தள்ளுபடி செய்யாமல் அசலை மட்டும் தள்ளிய கதையாக எனக்குப் பட்டது. அந்தக் கம்பெனிக்கு 213 கோடி என்பது நமக்கு ஒரு மூட்டை யூரியா மாதிரி.

ஆனால் இதே கம்பெனிதான், செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துத் தர வேண்டும் என்ற மத்திய அரசின் 2021 விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே அதன் வக்கீல் சொன்னார். 50 கோடிப் பேருக்கு மேல் உள்ள சந்தையை விட்டுப் போவார்களா என்பது வேறு. ஒரு கையால் நம் கணக்கை எடுக்கிறார்கள், இன்னொரு கையால் நம் பூட்டுக்காக வாதாடுகிறார்கள். இரண்டும் உண்மை. வாட்ஸ்அப்பைத் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பூட்டு போனோடு சரி. கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப்புக்குத் தனியாகப் பூட்டுப் போட வேண்டும். 2021-ல் வந்த வசதி, நாமே போய் அழுத்தினால்தான் வேலை செய்யும். எங்கள் குரூப்பில் கேட்டேன், அழுத்தியவர் யாரும் இல்லை, நான் உட்பட.

சிக்னலின் பூட்டும் வாட்ஸ்அப்பின் பூட்டும் ஒரே பட்டறையில் அடித்தவை. வாட்ஸ்அப் பயன்படுத்துவதே சிக்னல்காரர்களின் முறையைத்தான். வித்தியாசம் லஸ்கர் கணக்கில் இருக்கிறது: சிக்னல் அந்தக் கணக்கை எழுதியே வைப்பதில்லை. 2016-ல் அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்து நீதிமன்ற உத்தரவு வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டு விவரங்கள்தான். கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது இணைந்தது, அவ்வளவே. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன், பேஸ்புக்கை விட்டு வெளியே வந்து 2018-ல் 50 மில்லியன் டாலர் போட்டுச் சிக்னல் அறக்கட்டளையை அமைத்தார். விளம்பரம் இல்லை, பங்குதாரர் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 மில்லியன் டாலர் செலவாகும் என்று அவர்களே 2023-ல் கணக்குச் சொன்னார்கள். கோயில் உண்டியலில் அன்னதானம் நடக்கிற மாதிரி. நடக்கிற வரைக்கும் நல்ல சாப்பாடு.

குறை என்னவென்றால், எங்கள் 180 பேரில் சிக்னல் வைத்திருந்தவர்கள் நானும் பட்டுக்கோட்டையில் படிக்கும் ஒரு பையனும்தான். போன் உடைந்தால் பழைய பேச்செல்லாம் போச்சு என்ற நிலை ரொம்ப நாள் இருந்தது. 2025 செப்டம்பரில்தான் கிளவுட் பேக்கப் வரத் தொடங்கியது, பெரிய அளவுக்கு மாதம் 1.99 டாலர். அதோடு வேர் தனியாக இருந்தாலும் மண் அடுத்தவருடையது: 2025 அக்டோபர் 20-ல் அமேசானின் சர்வர்கள் படுத்தபோது சிக்னலும் சேர்ந்து படுத்தது. வாட்ஸ்அப்பும் 2021 அக்டோபர் 4-ல் ஆறு மணி நேரம் படுத்ததுதான். கஜா புயல் கரையேறிய 2018 நவம்பர் 16-க்குப் பிறகு எங்களுக்கு டவரே இல்லை. அப்போது செய்தி சைக்கிளில் வந்தது.

அரட்டை என்றதும் டீக்கடையில் ஒரு குதூகலம். பெயரே நம் பேச்சு. சோகோவின் ஸ்ரீதர் வேம்பு குடும்பம் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தது என்பதால் சித்தப்பா அவரைப் பங்காளி மாதிரியே பேசினார். 2021-ல் வந்த செயலி, 2025 செப்டம்பர் கடைசியில் மூன்றே நாளில் தினசரிச் சேர்க்கை 3,000-லிருந்து 3.5 லட்சமானது என்று வேம்புவே சொன்னார். அந்த நேரத்தில் அழைப்புகளுக்குத்தான் முழுப் பூட்டு இருந்தது, எழுதும் செய்திக்கு இல்லை. தனிப்பட்ட உரையாடல்களுக்கு நவம்பரில்தான் வந்தது. ஊர்ப்பாசத்தில் அந்த இரண்டு மாதத்தில் ஏறியவர்கள் கதவில்லாத வீட்டில் குடியேறியவர்கள்தான்.

அடுப்பு விஷயத்தில் அரட்டைக்கு நல்ல மதிப்பெண் போடுவேன். சோகோவின் வருமானம் கம்பெனிகளுக்கு மென்பொருளைச் சந்தாவுக்குத் தருவதிலிருந்து வருகிறது. விளம்பரத்துக்குத் தகவலை விற்பதில்லை என்பது அவர்களுடைய நெடுநாள் கொள்கை. பங்குச் சந்தையில் இல்லாத தனியார் நிறுவனம், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபம் காட்டு என்று யாரும் கழுத்தில் உட்காரவில்லை. அதே காரணத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே ஒப்பிக்க வேண்டிய கட்டாயமும் குறைவு. வாசல் பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி. ஆனால் சென்னையில் இருக்கும் கம்பெனி வாசலுக்கு நாம் போவதைவிட அரசாங்கம் சீக்கிரம் போய்விடும். இதைச் சொன்னபோது சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம பையனை நம்பாம அமெரிக்காக்காரனை நம்புவியா?" ஆளை நம்புவது பற்றியல்ல பேச்சு, ஆள் மாறினாலும் நிற்கிற ஏற்பாடு பற்றி என்றேன். 2025 ஜனவரியில் வேம்புவே தலைமை நிர்வாகி பதவியை விட்டு ஆராய்ச்சிக்குப் போய்விட்டாரே. சித்தப்பா டீயை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சரி, கெட்டுப்போனால் யாரைக் கேட்பது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் சொல்லிவிட்டார்கள். அதற்கான தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், கோவிந்து அண்ணனுக்கு ஒரு ரூபாய் வராது. பொய்ப் புகார் கொடுத்தால் அண்ணனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போதைக்குக் கையில் இருப்பது மத்திய அரசின் அதே 2021 விதிகள்: இந்தியாவில் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகார் வந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், 7 நாளில் முடிக்க வேண்டும் (2026 பிப்ரவரி வரை 15 நாள் இருந்தது). இதை வாட்ஸ்அப்பிடமும் கேட்கலாம், அரட்டையிடமும் கேட்கலாம். சிக்னலிடம் கேட்க வேண்டிய அளவுக்கு நம்முடையது அங்கே எதுவும் இல்லை. புகாருக்குப் பதில் சொல்லும் கம்பெனியைவிட, பதில் சொல்ல வேண்டியதே குறைவாக உள்ள ஏற்பாடு மேல் என்பது என் கட்சி.

அப்படியானால் 180 பேரையும் சிக்னலுக்கு இழுத்துப் போனேனா? இல்லை. தண்ணீர் வருகிறது, சாக்கு வந்துவிட்டது என்ற செய்திக்குப் பூட்டே தேவையில்லை, தண்டோரா போட்டாலே போதும். எல்லோரும் இருக்கும் இடத்தில்தான் தண்டோரா. குரூப் வாட்ஸ்அப்பிலேயே நிற்கிறது. பழைய லிங்க்கை ரீசெட் செய்தேன், அட்மின் ஒப்புதல் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாதபடி மாற்றினேன். காகிதங்கள் இனிமேல் குரூப்பில் வரக்கூடாது. காப்பீட்டுக்கு அவரவர் இ-சேவை மையத்துக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ நேரில் போக வேண்டியது. ஆதார் நகல் யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த நகல், அது ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கிறது. கணக்கு வழக்கு பார்க்கும் ஐந்து பேர் மட்டும் சிக்னலில். சித்தப்பாவுக்காக அரட்டையில் ஒரு குரூப் தொடங்கி வைத்திருக்கிறேன், அதில் நாங்கள் இருவர்தான்.

மீதம் இருந்தது அந்த மூன்று எண்கள். "யார் நீங்கள்?" என்று மூவருக்கும் கேட்டேன். ஒருவர் பதிலே சொல்லாமல் வெளியேறினார். அடுத்தவர் "ராங் நம்பர்" என்று எழுதினார், நானே எடுத்துவிட்டேன். மூன்றாவது எண்ணிலிருந்து போன் வந்தது. எங்கள் லஸ்கர். எந்தக் கொல்லைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று பார்த்து ராத்திரி ஷட்டரைச் சரிசெய்ய, போன வருடமே லிங்க்கில் உள்ளே வந்தாராம். அவரையும் அவருடைய மேலதிகாரிகளையும் நாங்கள் திட்டிய திட்டெல்லாம் வரி விடாமல் படித்திருக்கிறார்.

எடுக்க வேண்டாம் என்றேன் நான். டீக்கடையில் சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "இருக்கட்டும். ஆனா இருக்கேன்னு சொல்லிட்டு இருக்கட்டும்."

அன்று ராத்திரி குரூப்பில் ஒரு செய்தி: "வணக்கம். நான் உங்க லஸ்கர். நாளைக்குக் காலைல 6 மணிக்கு ஷட்டர் ஏத்துறோம்."