ஆட்டோ கட்டரா, ஆளா? பனியன் கம்பெனிக்கு ஒரு கணக்கு

திருப்பூரில் ஆள் கிடைக்கவில்லை என்று பேச்சு எடுத்தாலே, மெஷின் போட்டுவிடலாம் என்றுதான் முடிகிறது. எந்த வேலைக்கு மெஷின், அந்த வேலைக்கு இன்று என்ன கூலி என்று பார்க்காமல் அதை முடிவு செய்யக் கூடாது.

கட்டிங்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கணக்குக்கு, துணியைத் தானாக வெட்டும் மெஷினான ஆட்டோ கட்டரின் விலை 40 லட்சம், ஆயுள் 10 ஆண்டு, வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். முதல் ஆண்டில் தேய்மானம் 4 லட்சம், வட்டி 4 லட்சம். 300 நாள் ஓடினால் நாளுக்கு 2,667 ரூபாய் விழுகிறது. நான்கு பேர் வேலையை அது மிச்சம் பிடித்தால், ஆளுக்கு 700 ரூபாய் கூலி உள்ள இடத்தில் 2,800 மிச்சம், மெஷின் தாங்கும். கூலி 450 உள்ள ஊரில் மிச்சம் 1,800தான். அதே மெஷின் அங்கே நட்டம். கரண்ட், சர்வீஸ் இன்னும் சேர்க்கவில்லை. ஆர்டர் 150 நாளுக்குத்தான் என்றால் நாள் செலவு இரண்டு மடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியது போல் ஓர் அடி விழுந்தால், பேங்க் தவணை மட்டும் காத்திருக்காது.

ஆனால் துணியையும் பார்க்க வேண்டும். பனியன் செலவில் பெரும்பங்கு அதுதான். வெட்டு கோணாமல் விழுந்து மிச்சமாகும் துணி, கூலி மிச்சத்தைவிடப் பெரிதாகலாம். அதனால் பெரிய ஆர்டர் விடாமல் ஓடும் கம்பெனி தாராளமாக வாங்கலாம். பிறர் ஆர்டரை நூறு, இருநூறு பீஸாகக் கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க்காரருக்கு நல்ல கட்டிங் மாஸ்டரே போதும்.

தையல் கதை வேறு. பின்னல் துணி இழுபடும், ஓரம் சுருளும். ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் அதைப் பதம் பார்த்து விடுவது இன்னும் கைதான். இங்கே பணத்தை ஆள்மேல்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு டெய்லருக்கு நாளுக்கு 50 ரூபாய் கூலி கூட்டினால் 300 நாளுக்கு 15,000. தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர் திரும்பாவிட்டால், புது ஆள் பழகும்வரை குறையும் உற்பத்தியையும் செக்கிங்கில் கழியும் பீஸையும் அதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பலர் இதை நோட்டிலேயே ஏற்றுவதில்லை.

அப்புறம், குழந்தைகள் காப்பகம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்திலிருந்து சட்டப்படியே கட்டாயம். பெயருக்கு ஓர் அறையை ஒதுக்காமல், ஓவர்டைம் முடியும்வரை ஆயா இருக்கும்படி நடத்தினால், பல்லடம், அவிநாசி பக்கத்துக் கிராமங்களிலிருந்து தையல் தெரிந்த தாய்மார்களும் வேலைக்கு வர முடியும்.