டிஃபனியா, ஹேண்டலா? வண்ணக் கண்ணாடி விளக்குகளில் எது மேல்?

இன்று ஆன்லைனில் 'டிஃபனி லாம்ப்' என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை டிஃபனி பட்டறையின் வாசலைக்கூடப் பார்த்திராதவை. அசல் டிஃபனி நியூயார்க் சரக்கு. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனோடு போட்டியிட்டவர்களில் முக்கியமானது கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் ஊரின் ஹேண்டல் கம்பெனி. இரண்டையும் அருகருகே வைத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நிறம் கண்ணாடிக்குள் இருக்கிறதா, கண்ணாடி மேல் இருக்கிறதா?

டிஃபனியில் நிறம் உள்ளே இருக்கிறது. லூயி கம்ஃபர்ட் டிஃபனி நகைக்கடை அதிபரின் மகன், அடிப்படையில் ஓவியர். அவரது கண்ணாடி உலை 1893இல் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் எரியத் தொடங்கியது. உருகிய நிலையிலேயே நிறங்களைக் கலந்து, பால்போல மங்கலான, புள்ளி விழுந்த, மடிப்பு மடிப்பான தகடுகளை வார்த்தார்கள். இதழுக்கு ஒரு துண்டு தேவையென்றால், தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளை மெல்ல ஊதாவாக மாறும் இடம் எங்கே என்று தேடிப் பிடித்து அங்கே வெட்ட வேண்டும். தூரிகைக்கு அங்கே வேலை குறைவு. எல்லாம் கண்ணின் வேலை.

வெட்டிய துண்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய செம்புத் தகட்டை ஒட்டி, மர அச்சின் மேல் வரிசையாக அடுக்கி, இடுக்குகளை ஈயம் கலந்த பற்றால் பற்றவைப்பார்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் தடித்த ஈயச் சட்டத்தில் இந்த நுணுக்கம் வராது. 'விஸ்டீரியா' என்ற பூங்கொத்து வடிவ ஷேடு (விளக்கின் மேல்மூடி) ஒன்றுக்குச் சுமார் 2,000 துண்டுகள். அன்றைய விலை சில நூறு டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை.

அதை வடிவமைத்தவர் கிளாரா டிரிஸ்கால். பெண்களின் கண்ணாடி வெட்டும் பிரிவுக்குத் தலைவி. 1900 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கிய தும்பி விளக்கும் அவர் கைவண்ணமே. கல்யாணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. புகழெல்லாம் முதலாளிக்குப் போனது. கிளாரா வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ஆராய்ந்தவர்கள் 2007இல் நியூயார்க்கில் கண்காட்சி வைத்த பிறகுதான் அவர் பெயர் வெளியே பரவலாகத் தெரிந்தது. 'டிஃபனி' என்ற முத்திரையை மட்டும் பார்த்து மயங்குபவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இனி ஹேண்டல். துண்டு பதித்த ஷேடுகளை அவர்களும் செய்தார்கள். ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தவை ஒரே கண்ணாடியின் உள்பக்கம் ஓவியம் தீட்டியவை. பார்ப்பவர் வெளியே நிற்பதால் வரைபவர் தலைகீழ் வரிசையில் யோசிக்க வேண்டும்: முன்னால் தெரிய வேண்டிய இலை நரம்பு முதலில், இலை பிறகு, வானம் கடைசியில். வெளிப்பக்கத்தில் மீன் பசை தடவிச் சூட்டில் வைப்பார்கள். பசை காய்ந்து சுருங்கும்போது கண்ணாடியின் மேல்தோலைச் செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வரும். உறைபனி படிந்தது போன்ற அந்தச் சொரசொரப்பு வெளிச்சத்தைப் பரப்பி, தூரிகைத் தடத்தை மறைத்துவிடும். நிலா வெளிச்சத்தில் மரங்கள், நீர்நிலை என்று வரைந்த ஷேடுகளில் இந்த உத்தி அருமையாக எடுபடுகிறது. கிளி, பூ என்று போனவற்றில் எனக்கு அவ்வளவு ஈர்ப்பில்லை.

விளக்கை அணைத்தால்? டிஃபனி கருத்துப்போன சில்லுக் குவியலாகத் தெரியும். ஹேண்டலும் மங்கும், ஆனால் படம் ஓரளவு புரியும். உடைந்தால் கணக்கு தலைகீழ்: டிஃபனியில் விரிசல் விட்ட ஒரு துண்டை மட்டும் மாற்றிவிடலாம், ஹேண்டலில் ஷேடு போனால் படமும் போச்சு.

பிரான்ஸின் நான்சி நகரத்து எமில் காலே இந்தப் போட்டியில் சேராத மூன்றாவது ஆள். அடுக்கடுக்கான நிறக்கண்ணாடியை அமிலத்தால் அரித்து உருவம் எடுப்பது அவர் வழி. அழகுதான், ஆனால் 1904இல் அவர் இறந்த பின்னும் அதே பெயரில் தொழிற்சாலை ஓடியது. அதனால் கையெழுத்தை வைத்து மட்டும் விலை பேசக் கூடாது.

விலை என்றதும் டிஃபனியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மோகம் மாறி 1930களில் இவற்றை யாரும் சீந்தவில்லை. 1935இல் எகோன் நொய்ஷ்டாட் என்ற மருத்துவர் நியூயார்க்கில் ஒரு பழைய சாமான் கடையில் டாஃபடில் பூ விளக்கை 12.50 டாலருக்கு வாங்கினார். பின்னால் அவர் சேர்த்த தொகுப்பு அருங்காட்சியகத்துக்கே போனது. 1997இல் ஒரு தாமரை விளக்கு கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 28 லட்சம் டாலருக்குப் போனது. ஹேண்டல் அந்த உயரத்தை எட்டவில்லை, அதில் எனக்கு வியப்பில்லை: அங்கே நல்ல ஓவியம் இருக்கிறது, இங்கே கண்ணாடியே ஓவியமாகிறது.

ஆனால் மேசைமேல் தினமும் ஏற்றி வைக்க ஒன்று என்றால், நான் நிலவு வரைந்த ஹேண்டலையே எடுப்பேன். டிஃபனிதான் வேண்டும் என்பவர்கள் அடியில் உள்ள முத்திரையைவிட இலைகளை உற்றுப் பாருங்கள். ஒரே இலைக்குள் நிறம் நகரவில்லை, எல்லா இலையும் ஒரே பச்சை என்றால், சந்தேகப்பட வேண்டியதுதான்.