மேசையின் மறுமுனையில் நிற்பவன்: ‘பிங் பாங்’ மங்கா

தாயோ மாட்சுமோட்டோவின் ‘பிங் பாங்’ 1996 முதல் 1997 வரை ஜப்பானில் வார இதழ்த் தொடராக வெளிவந்து, ஐந்தே தொகுதிகளில் முடிந்த, மேசைப்பந்து ஆட்டத்தைப் பற்றிய மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை). ஆங்கிலத்தில் 2020இல் இரண்டு தடித்த தொகுதிகளாக வந்தது. ஒரு போட்டியைச் சொல்லி முடிக்கவே பல தொகுதிகளை எடுத்துக்கொள்ளும் விளையாட்டு மங்காக்களுக்குப் பழகிய வாசகருக்கு இதன் சிக்கனமே முதல் வியப்பாக இருக்கும். யார் வெல்வார் என்ற கேள்வியில் மாட்சுமோட்டோவுக்குப் பெரிய அக்கறை இல்லை என்பது அடுத்த வியப்பு.

கதை கடலோரத்துக் கதாசே உயர்நிலைப் பள்ளியின் மேசைப்பந்து அணியில் தொடங்குகிறது. சிறுவயது முதல் நண்பர்களான பெக்கோவும் ஸ்மைலும் அந்த அணியில் ஆடுகிறார்கள். பெக்கோ வாயாடி, தான் உலகை வெல்லப் பிறந்தவன் என்று ஐயமின்றி நம்புபவன். ஸ்மைல் ஒருபோதும் சிரிப்பதில்லை என்பதாலேயே அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் வாய்த்தது. ரோபோ என்று பிறர் கேலி செய்யும்போதும் அவன் மறுப்பதில்லை. அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொள்வது அவனுக்கு வசதியாகவே இருக்கிறது.

தொடக்கத்தில் வரும் ஒரு காட்சி இந்த நூலின் திறவுகோல். சீன அணியில் இடமிழந்து, ஒரு ஜப்பானியப் பள்ளிக்காக ஆட வந்திருக்கும் காங், கூடத்துக்கு வெளியே நின்றபடி பந்தின் ஓசையை மட்டுமே கேட்டு, உள்ளே ஆடும் இருவரில் ஒருவன் வேண்டுமென்றே தன் ஆட்டத்தை அடக்கிக்கொள்கிறான் என்று கண்டுபிடித்துவிடுகிறான். பல ஆண்டுகளாக மேசையின் மறுமுனையில் நிற்கும் பெக்கோவுக்குப் புலப்படாத உண்மை, முகம்கூடப் பார்த்திராத அயலானுக்குச் சில நொடிகளில் புலப்படுகிறது. ஸ்மைலின் தனிமை எத்தகையது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த வசனத்தாலும் சொல்லியிருக்க முடியாது.

பின்னர் அதே காங்குடன் மோதும்போது முன்னிலை பெற்றிருந்தும் ஸ்மைல் ஆட்டத்தை நழுவவிடுகிறான். தனக்குப் பொழுதுபோக்காக இருக்கும் ஒன்று எதிராளிக்கு வாழ்வா சாவா என்று ஆகியிருக்கும்போது அதைப் பறிக்க அவனுக்கு மனம் வருவதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது கருணை. ஆனால் மாட்சுமோட்டோ அதை அப்படி வரைவதில்லை. விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஸ்மைல் எதிரே நிற்பவனைத் தனக்குச் சமமானவனாக ஏற்க மறுக்கிறான், அதனாலேயே தன்னையும் எவரும் நெருங்கவிடாமல் செய்கிறான் என்பதே இந்த நூலின் வாதம். முழு வலிமையோடு அடிக்கப்படும் பந்து இங்கே ஒருவகை உரையாடல். அடக்கி அடிக்கப்படும் பந்து மௌனம்.

பெக்கோவின் சிக்கல் நேரெதிரானது. ஒரு செட்டுக்கு 21 புள்ளிகள் என்ற பழைய விதி நடப்பில் இருந்த காலத்துக் கதை இது. 11 புள்ளி விதி 2001இல்தான் வந்தது. அத்தனை நீளமான ஆட்டத்தில் காங்கிடம் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாமல் தோற்று, அடுத்துத் தான் எப்போதும் இளக்காரமாக நடத்திவந்த பழைய நண்பன் சகுமாவிடமும் தோற்கும்போது, அவன் தன்னைப் பற்றி வைத்திருந்த சித்திரம் முழுவதுமாக நொறுங்குகிறது. அதைத் திரும்பக் கட்டியெழுப்பும் பயிற்சிக் காலத்தை மாட்சுமோட்டோ ஓரளவு அவசரமாகவே கடந்துவிடுகிறார் என்பது என் குறை.

என்னைப் பொறுத்தவரை நூலின் மிகச் சிறந்த பாத்திரம் சகுமாதான். திறமையற்றவன் என்பதை அறிந்தும், உழைப்பால் அந்தப் பள்ளத்தைத் தூர்த்துவிடலாம் என்று நம்பி, நாட்டின் தலைசிறந்த பள்ளி அணியான கையோவில் இடம்பிடித்தவன் அவன். அணித் தலைவன் காசாமாவின் அங்கீகாரத்துக்காக ஸ்மைலிடம் வலியச் சென்று மோதி நொறுங்குகிறான். அந்த ஆட்டத்தில் ஸ்மைல் இரக்கமே காட்டுவதில்லை. தான் விரும்பும் ஒன்றில் தான் சாதாரணமானவன் என்பதை ஏற்றுக்கொள்ளும் வேதனையை, ஆறுதல் சொல்லாமல், வாசகரை அழவைக்கவும் முயலாமல் இவ்வளவு நேர்மையாகக் காட்டிய விளையாட்டுக் கதைகள் அரிது.

காசாமா எல்லாராலும் அஞ்சப்படும் வீரன். ஆயினும் போட்டிக்கு முன் கழிவறையில் தாழிட்டுக்கொண்டு அமர்பவன். அவனுக்கும் பெக்கோவுக்கும் நடக்கும் ஆட்டமே நூலின் உச்சம். நடுங்கும் கோடுகளால் ஆன அந்த ஓவியம், வளைந்து நெளியும் உடல்கள், பக்கத்தின் ஓரங்களைத் தின்னும் ஒலியெழுத்துகள் எல்லாம் சேர்ந்து, தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்தாலேயே வென்றுகொண்டிருந்த ஒருவன் தன்னை மறந்து விளையாடத் தொடங்கும் நொடியைக் கண்முன் நிறுத்துகின்றன. அவனை அங்கே அழைத்துச் செல்வது பயிற்சியாளரோ குடும்பமோ அல்ல. அவனை வீழ்த்த வந்தவன்.

குறைகளும் உண்டு. பெண் பாத்திரங்கள் என்று சொல்லத்தக்கவர், மேசைப்பந்துக் கூடம் நடத்தும் மூதாட்டி ஒருவர்தான். ஸ்மைலின் பயிற்சியாளர் கொய்சுமியின் விசித்திரப் பேச்சு சில இடங்களில் சலிப்பூட்டுகிறது. ஆனாலும், காயம்பட்ட முழங்காலோடு ஆடிய நண்பனின் பலவீனத்தைக் குறிவைக்க மனமின்றித் தான் தோற்ற கதை அவரிடம் இருப்பதால், ஸ்மைலின் மேல் அவர் காட்டும் பிடிவாதத்துக்குப் பொருள் கிடைக்கிறது. நேர்த்தியான கோடுகளுக்குப் பழகிய கண்களுக்கு முதல் சில அத்தியாயங்கள் கரடுமுரடாகத் தோன்றலாம். ஆட்டத்தின் வேகம் பிடிபட்டதும் அந்த முரட்டுத்தனம் இல்லாமல் இக்கதையைக் கற்பனை செய்ய முடியாது.

மசாக்கி யுவாசா இயக்கத்தில் 2014இல் வந்த 11 பகுதி அனிமேஷன் தொடர், துணைப் பாத்திரங்களுக்குக் கூடுதல் இடம் தருகிறது. அதை மட்டும் பார்த்து நிறுத்திக்கொண்டவர்கள் மங்காவையும் வாசிக்க வேண்டும். ஓசையே இல்லாத தாளில் பந்தின் ஓசையைக் கேட்கச் செய்யும் வித்தை இங்கேதான் இருக்கிறது. இறுதிப் போட்டியைப் பக்கம் பக்கமாக எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். நண்பர்கள் இருவரும் எதிரெதிரே நின்றதும் கதை பல ஆண்டுகள் முன்னோக்கித் தாவிவிடுகிறது. ஒருவன் தன்னை அடக்கிக்கொள்ளாமல் ஆட முன்வந்துவிட்ட பிறகு, அந்தப் புள்ளிக்கணக்கை விவரிக்க ஆசிரியருக்கு அவசியம் இருக்கவில்லை.