செவ்வாய், வெள்ளி மட்டும்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் குடல் சிகிச்சைப் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

அம்மாவுக்கு 61 வயது, திண்டுக்கல் பக்கம் கிராமம். எட்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூலம் என்று தானே முடிவு கட்டி, துத்திக் கீரையும் கருணைக்கிழங்கு மசியலுமாக ஓட்டியிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் எதற்குக் கருணைக்கிழங்கு என்று நாங்களும் கேட்கவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே என்று ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 8.4, ரொம்பக் குறைவு. கேஸ்ட்ரோ டாக்டரிடம், அதாவது வயிறு, குடல் பார்ப்பவரிடம் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள்.

முதலில் போனது வேறு இடம். அந்த டாக்டர் மேல் தப்பே சொல்ல மாட்டேன், பொறுமையாகத்தான் கேட்டார். "ரத்தம் ஏதும் போகுதாம்மா?" என்றார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "இல்லீங்க" என்றார். பின்பக்கமாகப் பார்க்க வேண்டும் என்றதும் எழுந்து வெளியே வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போதுதான் என்னிடமே சொன்னார். "அந்தத் தம்பி என் மகன் வயசு, அவர்கிட்ட எப்படிடி சொல்றது?"

பெண் கேஸ்ட்ரோ டாக்டர் தேடி நான் அடித்த போன்களுக்குக் கணக்கில்லை. பிரசவ டாக்டர், குழந்தை டாக்டர் என்றால் தெருவுக்கு ஒரு பெண் இருக்கிறார். முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் மருத்துவம் படித்து முடித்தது 1912-ல். குடலுக்கு மட்டும் இன்னும் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கடைசியில் கிடைத்த இவரும் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வருவார்.

காலை ஒன்பது மணி டோக்கனுக்கு உள்ளே கூப்பிட்டது பன்னிரண்டேகால். உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். அவ்வளவு பேருக்கும் ஒரே கழிப்பறை, அதுவும் வயிற்று நோயாளிகள் வரும் இடத்தில்! தாழ்ப்பாள் வேறு சரியாக விழவில்லை.

உள்ளே போனதும் அந்த டாக்டர் முதலில் கேட்டது சாப்பாட்டை. கருணைக்கிழங்கு என்று அம்மா சொன்னதுமே சிரித்துவிட்டு, "எத்தனை மாசமா மூலம்னு நினைச்சுட்டிருக்கீங்கம்மா?" என்றார். ஐந்தே நிமிடம். எட்டு மாதக் கதையும் நிறம் உட்பட வெளியே வந்துவிட்டது. மேசை மேல் தலை வைத்து அம்மா அழுததைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

கொலனோஸ்கோபிக்கு, அதாவது பின்பக்கமாகக் கேமரா வைத்த குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பதற்கு, நாள் குறித்தார்கள். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கீரை, விதையுள்ள காய் கூடாது. பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதி இரவில், மீதி விடியற்காலையில் குடிக்க வேண்டும். உண்மையில் கஷ்டம் இதுதான். எலுமிச்சை வாசனையில் உப்புத் தண்ணீர். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அறையில் நர்ஸும் பெண்தான். பின்பக்கம் மட்டும் திறப்புள்ள கால்சட்டை தருகிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்குப் பாதி பயம் போனது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தார், மயக்க ஊசி, அரை மணி நேரம்.

இரண்டு சென்டிமீட்டரில் ஒரு பாலிப், குடலின் உள்சுவரில் வளரும் சதைக்கட்டி. அங்கேயே எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதித்த பயாப்ஸியில் கேன்சர் இல்லை. விட்டுவைத்திருந்தால் ஆகக்கூடிய வகை. பில்லில் பாலிப் எடுத்ததற்கும் பயாப்ஸிக்கும் தனித்தனியாகப் போட்டதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

ரிப்போர்ட் வாங்கும்போது, உங்களைப் போல் ஏன் நிறையப் பேர் இல்லை என்று கேட்டேன். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. மூன்று, அதற்கு மேல் குடலுக்கென்றே படிக்கும் டி.எம். இன்னொரு மூன்று. "முடிக்கிறப்போ முப்பது தாண்டிடும். அதுக்குள்ள வீட்ல கல்யாணம், குழந்தைன்னு கேட்க ஆரம்பிச்சுடுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்த வாந்தின்னு கூப்பிட்டா ஓடணும்" என்றார். அப்புறம் கையை விரித்துக் காட்டினார். சின்னக் கை. ஸ்கோப்பின், அதாவது அந்தக் குழாய்க் கருவியின் கைப்பிடி பெரிய கைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்குமாம். கட்டைவிரல் வலிக்குத் தைலம் மேசை டிராயரிலேயே இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு. ஒரு மார்க் கழிப்பறைக்கும் பில்லுக்குமாகக் குறைத்தேன்.

மூன்று வருடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். அம்மாவுக்கு இப்போது ஒரே கவலை: "அதுக்குள்ள அந்தப் பொண்ணு வேற ஊருக்குப் போயிடாதுல்லடி?"