ட்ரெய்னிங்பீக்ஸ் ஆண்டுத் திட்டம்: திருகோணமலை ஓட்டக்காரருக்கு எவ்வளவு பொருந்தும்?

மத்திய, நெடுந்தூர ஓட்டக்காரரைப் பழக்கும் பயிற்றுநருக்கு ட்ரெய்னிங்பீக்ஸ் என்ற பயிற்சி மென்பொருளின் ஆண்டுப் பயிற்சித் திட்டம் காசு கட்டி வாங்கத் தகுந்ததுதான். இலவசக் கணக்கில் இந்த வசதி இல்லை. போட்டித் திகதிகளைக் கொடுத்து, முக்கியத்துவப்படி ஏ, பி, சி என்று தரம் பிரித்தால், ஏ போட்டியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அடித்தளம் தொடங்கி உச்சம் வரை வாரங்களைப் பிரித்துத் தரும். மூன்று வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை சுமை இறங்கும். மாகாணப் போட்டியை ஏ, வலயத்தை பி, இல்ல விளையாட்டுப் போட்டியை சி என்று போடுங்கள். மூன்றையும் ஏ ஆக்கினால் போட்டிக்கு முந்திய இறக்க வாரங்களே வருடத்தைத் தின்றுவிடும்.

வாரச் சுமைக்கு ஓர் எண் தரும், அவ்வளவுதான். அன்றாடப் பயிற்சியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வேகத்தில் அந்த ஒரு மணி நேரமும் ஓடினால் எண் 100. 5000 மீற்றருக்கு இந்தக் கணக்கு சரி. 100 மீற்றர் ஓடுபவர் 60 மீற்றரை முழுவேகத்தில் 6 தரம் ஓடி, இடையிடையே 5 நிமிடம் ஆறினால் எண் சொற்பமாகவே வரும். பின்தொடையோ அடுத்த நாளும் இறுகிக் கிடக்கும். குறுந்தூரத்துக்குக் கொப்பியில் முழுவேக மீற்றர்களைக் கூட்டி எழுதுவதே மேல்.

கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் இன்னொரு பிசகு. வெக்கையில் வேகம் குறையும். வேகத்தை வைத்துக் கணக்கிடும் எண்ணும் கூடவே இறங்கும். உடம்பில் ஏறும் சுமை அதில் தெரியாது. அந்த மாதங்களில் நெஞ்சுப் பட்டி கட்டி, இதயத்துடிப்புக் கணக்குக்கு மாறுங்கள்.

மாரியும் மென்பொருளுக்குத் தெரியாது. கார்த்திகை, மார்கழியில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும்போது அது வழக்கமான வாரச் சுமையையே கேட்கும். அந்த வாரங்களைக் கையால் மாற்றி, கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்கு ஏறும் தார் வீதியில் 40 செக்கன் ஏற்றம் 8 தரம் வையுங்கள். இறங்கும்போது நடக்கட்டும்: ஈரத் தார் வழுக்கும், மான்களும் குறுக்கே வரும்.

கடைசி இரண்டு வாரத்தில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். எண் இறங்குவதைப் பார்த்து வேகத்தையும் குறைக்கிறார்கள். போட்டியன்று கால் மந்தமாகிவிடுகிறது. ஓடும் அளவை 40 முதல் 60 வீதம் வரை குறையுங்கள், வேகத்தில் கை வைக்காதீர்கள். 400 மீற்றரை 6 தரம் ஓடியவர் 3 தரம் ஓடட்டும், அதே செக்கனில்.