அட்டைக் காலுறை: ஜெராய் மலைக்கு வாங்கலாமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள ஜெராய் மலைக்கு அருகே, பீடோங் ஊர்க் கடைகளில், பால்மரம் வெட்டுபவர்கள் போடும் ரப்பர் சப்பாத்துக்குப் பக்கத்திலேயே, இரத்தம் உறிஞ்சும் அட்டைப் பூச்சியைத் தடுக்கும் இந்தக் காலுறையும் தொங்கும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்த பை, மேலே ஒரு நாடா, அவ்வளவுதான். ஜெராயில் காட்டுப் பாதை வழியாக ஏறுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். தார்ச்சாலையில் காரில் போய் வருபவர்களுக்குத் தேவையில்லை.

1,217 மீட்டர் உயர மலை ஜெராய். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கிற ஆளிடம்தான் அட்டை வந்து சேரும். காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக் காற்றும் அதற்குத் தெரியும். சாதாரணக் காலுறையின் கண்ணிகளுக்குள் நூல் போல மெலிந்து நுழைந்துவிடும். இந்தத் துணியில் அதற்கு வழியில்லை. கீழே குனிந்து குனிந்து பார்க்காமல் மரத்தின் மேலேயே கண்ணை வைத்திருக்கலாம். இந்தக் காலுறையின் அருமை அதில்தான் இருக்கிறது.

வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் வேண்டாம். வெளிர் நிறமே நல்லது, ஏறும் அட்டை உடனே கண்ணில் படும். விரல் நுனியில் தையல் தடித்திருந்தால் இறக்கத்தில் கொப்புளம் போடும். உள்ளே மெல்லிய காலுறை ஒன்று போட்டு, சப்பாத்தை ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது நாடாவில். கால்சட்டையை உள்ளே விட்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கட்ட வேண்டும். இறுக்கினால் கெண்டைக்கால் மரத்துப் போகும், தளர்ந்தால் பாதி வழியில் சரிந்துவிடும். துணி அட்டையைத் தடுக்குமே தவிர விரட்டாது. மேலே ஊர்ந்து இடுப்புக்குப் போகும், அதனால் சட்டையையும் உள்ளே செருகுங்கள். புகையிலைத் தண்ணீர் தடவும் தோட்டத்துப் பழக்கம் உதவும், ஆனால் ஒரு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும்.

அப்படியும் கடித்தால் உப்போ நெருப்போ வேண்டாம். அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடலாம். மெலிந்த முனையில்தான் வாய். அங்கே நகத்தைத் தோலோடு வைத்துத் தள்ளி, பிறகு தடித்த முனையை எடுங்கள். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டுப் போவதால் கசிவு நெடுநேரம் நிற்காது. பயப்படாமல் சோப்புப் போட்டுக் கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் துவைத்து, உட்புறம் திருப்பி வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு பையில் கிடந்தால் பூசணம் பிடித்து முதலில் நாடாதான் இற்றுப் போகும்.